கிருஷ்ணா வழி ஏறி, வேண்ணா வழி இறங்கி

புனேயில் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு செய்திகளை அறிந்துகொள்கிறார். ஒன்று, இங்கே சாம்பாரில் வெல்லம் இருக்கும். மற்றொன்று, எத்திசையில் சைக்கிளை ஓட்டிச் சென்றாலும் சிறிது நேரத்தில் ஒரு மலை குறுக்கே நிற்கும். முன்னதற்குப் பரிகாரம் கிடையாது. பின்னதைப் பற்றியே இக்கட்டுரை.

வரும் ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் ஒன்று செய்வதென முடிவாகியிருக்கிறது. பெயர் கொடுத்தோர் 14 பேர். அவர்களுள் மாணவியர் நால்வர். கியர் இல்லாத சாதாரண வண்டி வைத்திருப்போர் ஐவர். ஐவருமே முதலாண்டு மாணவர்கள். சென்ற ஆண்டு நண்பர் இருவருடன் இதே சுற்றைச் சென்று வந்தவன் என்பதனால், வழியையும் நேரத்தையும் வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அந்த ஐவரை என்ன செய்வது?" என்பதே கூட்டத்தில் எழுந்த பெரிய கேள்வி. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றனர் சிலர். அதை நான் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதும், என்ன செய்யலாம் என்பதும் கீழே விளங்கும். அதற்கு முன் வழியைச் சொல்லியாக வேண்டும்.

நாம் செல்லவிருப்பது சாத்தாரா மாவட்டத்தில் உள்ள ஒரு வட்டம். புனேயிலிருந்து ஏறக்குறைய 90 கிலோ மீட்டர் தெற்கே கிருஷ்ணா நதிக்கரையில் வாயி என்றோர் ஊர் உள்ளது. பெயரைக் கேட்டு நகைக்க வேண்டா. மராட்டியர் இறுதி எழுத்தைச் சற்று நீட்டியே ஒலிப்பர். அங்கிருந்து பசர்ணி மலைச்சாலை ஏறிப் பஞ்ச்கணி; மேட்டுநிலத்தின் மீதே சென்று மகாபலேசுவரம்; அங்கிருந்து கேளகர் மலைச்சாலை வழியாக இறங்கி மேடா; பிறகு சாத்தாரா; அங்கிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே வந்து மீண்டும் வாயி. முறையே ஏறக்குறைய 12½, 19½, 30, 25, 35 கிலோ மீட்டர். கூட்டினால் 122.

வட்டங்கள் எத்தனையோ இருக்க இதை ஏன் தேர்ந்தோம் என்றால், இதற்கு ஒரு பொருள் இருக்கிறது. மகாபலேசுவர மேட்டில் பிறக்கும் ஆறுகள் ஐந்து என்பர்: கிருஷ்ணா, வேண்ணா, கோய்னா, சாவித்திரி, காயத்திரி. சாவித்திரி மேற்கே அரபிக் கடலுக்குப் போய்விடுகிறது. கிருஷ்ணாவோ கிழக்கு நோக்கி ஏறக்குறைய 1,400 கிலோ மீட்டர் நடந்து வங்கக் கடலை அடைகிறது. அந்தக் கிருஷ்ணாவின் பள்ளத்தாக்கிலிருந்து நாம் ஏறுகிறோம். மேட்டைக் கடந்து வேண்ணாவின் பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். சாத்தாராவுக்குக் கிழக்கே சங்கம் மாஹுலி என்னுமிடத்தில் அவ்விரண்டும் கூடுகின்றன. இரண்டு ஆறுகள் எழுதிய வட்டத்தையே நாம் சக்கரத்தால் மறுபடி எழுதப் போகிறோம்.

சென்னையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. 1976ஆம் ஆண்டு மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் கிருஷ்ணா நீரில் ஆண்டுக்குத் தலா 5 டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்கென விட்டுக்கொடுக்க இசைந்தன. 1983இல் தமிழ்நாடும் ஆந்திரமும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1996இல் அந்நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆகையால் வாயியின் படித்துறையில் நின்று நாம் பார்க்கும் ஆறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வீட்டுக் குழாயில் கண்ட நீரின் பிறந்தகத்தைக் காணப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ மீட்டர்?" என்பது. சமவெளியில் அது சரியான கேள்வி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போவதாயின் தொலைவைத் தவிர வேறெதையும் கேட்க வேண்டியதில்லை. மலைநாட்டிலோ முதற் கேள்வி "எத்தனை மீட்டர் ஏற்றம்?" என்பதாக இருக்க வேண்டும். வாயி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 720 மீட்டர். பஞ்ச்கணி சுமார் 1,290. இடையே உள்ள 570 மீட்டரை 12½ கிலோ மீட்டரில் ஏறுகிறோம். அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் நாலரை மீட்டர் மேலே போயிருப்போம்.

நாலரை என்பது காதுக்குச் சிறிய எண்தான். காலுக்கு எப்படியென்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்க. இந்த எடையை 570 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறக்குறைய 447 கிலோ ஜூல் வேலை வேண்டும். நம் உடலோ உண்ட உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் மிதிக்குத் தருகிறது. மிச்சம் வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடுகிறது. ஆகவே உணவுக் கணக்கில் 430 கலோரி அளவுக்கு வேண்டும். இட்லியாக எண்ணினால் ஏறக்குறைய எட்டு. எட்டு இட்லி உண்ணத் தெரிந்தவர் எவரும் பசர்ணியை ஏறலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஆனால் வெறும் வயிற்றில் ஏற இயலாது என்று கொள்வதில் தவறில்லை. மணிக்கு 8 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்த வேகத்துக்கு வேண்டிய திறன் 90 வாட் அளவே. உடல்நலமுள்ள எந்த மாணவரும் மாணவியும் இரண்டு மாதப் பயிற்சியில் அதைத் தொடர்ந்து தர முடியும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கியரில்தான். முதலாண்டு நண்பர் ஒருவரின் சாதாரண வண்டியைப் படுக்க வைத்துப் பற்களை எண்ணினேன். முன்சக்கரப் பல் 44, பின்னால் 18. மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றி வண்டி 5.4 மீட்டர் நகரும். மணிக்கு 8 கிலோ மீட்டர் என்பது நிமிடத்துக்கு 133 மீட்டர். ஆகவே இவ்வண்டியில் மலையேறுவோர் நிமிடத்துக்கு 25 முறைதான் மிதிப்பார். ஒவ்வொரு மிதியிலும் எழுந்து நின்று முழு உடலையும் போட்டு அழுத்த வேண்டியிருக்கும். மூட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பின்னால் 22 பல் உள்ள வட்டை மாட்டினாலும் 30 முறை ஆகுமே தவிர வேறு பயனில்லை. இதுவே முன்னால் 28, பின்னால் 32 பல் கொண்ட கியர் வண்டியாயின் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகரும். நிமிடத்துக்கு 70 முறை இலேசாகச் சுற்றிக்கொண்டே போகலாம். செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றே. ஒரு மூட்டை நெல்லை ஒரே தடவையில் மாடிக்குத் தூக்குவதற்கும், மரக்கால் மரக்காலாகக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே.

ஆகவே அந்த ஐவருக்கும் குறைவாயிருப்பது காலில் வலு அன்று, வண்டியில் பல். இதை வைத்து ஆளைத் தள்ளிவைப்பது நியாயமாகுமா? ஐந்து கியர் வண்டிகளைச் சங்கச் செலவில் இரண்டு நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது என் யோசனை. பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்கிறார். ஆண்டு விழா விருந்தில் இரண்டு இனிப்புப் பரிமாறுகிறோமல்லவா? ஒன்று போதும். இதைச் சொன்னபோது கூட்டத்தில் எழுந்த ஓசையைப் பார்த்தால் மலையேற்றத்தைவிட இதுதான் கடினமோ என்று தோன்றியது. எனினும் யோசனையைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

வழியைப் படத்தில் பார்த்து உயரம் கணக்கிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசிப் படங்கள் ஏற்றத்தை மிகைப்படுத்திக் காட்டுவதுண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்றிலிருந்து ராடார் கொண்டு எடுத்த உயர அளவுகளே இத்தகைய படங்கள் பலவற்றுக்கு அடிப்படை. அது நிலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஓர் உயரம் சொல்கிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையில் நாம் சமமாகச் சென்றாலும், ஒரு கட்டம் மேலேயுள்ள பாறையையும் அடுத்தது கீழேயுள்ள பள்ளத்தையும் சேர்த்துக்கொள்வதால், ஏறி இறங்கி ஏறியதாகப் படம் காட்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாகச் சம உயரக் கோடுகள் உண்டு. சாலை எத்தனை கோடுகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பழைய முறைதான்; நம்பகமான முறையும்கூட. அவ்வாறு எண்ணியும் ஓட்டியும் பார்த்ததில், நம் சுற்றில் மொத்த ஏற்றம் 1,000 மீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்வதே சரி.

இனி, எந்தத் திசையில் சுற்றுவது? இதில் நண்பர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. ஒரு சாரார், முதலில் நெடுஞ்சாலையில் சாத்தாரா சென்று, கேளகர் வழி ஏறி, பசர்ணி வழி இறங்கலாம் என்கின்றனர். அவர்கள் சொல்லும் காரணத்தில் வலு இருக்கிறது. கேளகர்ச் சாலை மழையில் அடிக்கடி சிதைவது. குண்டும் குழியுமான சாலையில் மெதுவாக ஏறுவது எளிது, வேகமாக இறங்குவதே ஆபத்து. உண்மை. ஆயினும் நான் அதற்கு எதிர்த்திசையையே சொல்வேன்.

அவர்கள் வழியில் போனால் 60 கிலோ மீட்டர் ஓட்டிய பிறகு, உச்சி வெயிலில் ஏற்றம் தொடங்கும். மாலையில் களைத்த கையுடன் பசர்ணியில் இறங்க வேண்டும். அப்பொழுதுதான் உல்லாசப் பயணிகளின் கார்களும் பேருந்துகளும் வளைவுக்கு வளைவு முந்திக்கொண்டு அதே சாலையில் இறங்கும். மேலும் நம் நாட்டில் இடப்புறம் செல்வது விதி. சாத்தாராவிலிருந்து வடக்கே வரும்போது நகரமும் இடப்புறம், வாயிக்குப் பிரியும் சாலையும் இடப்புறம். பாச்வட் என்ற ஊரில் இடக்கையைக் காட்டித் திரும்பினால் போதும். லாரிகள் பறக்கும் சாலையின் குறுக்கே போக வேண்டிய தேவையே இல்லை. 14 பேர் கொண்ட கூட்டத்துக்கு இது பெரிய வசதி.

கேளகர்ச் சாலையைப் பொறுத்தவரை, முந்தின வாரம் ஒருவர் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த மலைகளில் பெய்யும் மழை நாம் அறிந்த மழையன்று. 2021 ஜூலையில் ஒரே நாளில் மகாபலேசுவரத்தில் 594 மில்லி மீட்டர் பெய்தது. நம் ஊர்களில் பலவற்றில் ஆண்டெல்லாம் பெய்வதில் பாதிக்கு மேல் அது. இத்தகைய மழைக்குப் பின் சாலை எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சென்ற ஆண்டு அனுபவத்தை வைத்துச் சொல்வது பொறுப்பாகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இப்பயணத்தை நினைக்கவே வேண்டா. அக்டோபரில் சாலை செப்பனிடுவர். மார்ச்சில் வெயில் கடுமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். அதிலும் தொடர் விடுமுறை நாட்களை விலக்கி வார நாளில் செல்வது நல்லது. ஒரு நாள் வகுப்பு போகும், போகட்டும்.

பசர்ணியில் ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்க்க மறவாதீர். வாயி நகரமும், அதற்கப்பால் தோம் அணையில் தேங்கிய கிருஷ்ணாவும் கீழே விரிந்து கிடக்கும். மூச்சு வாங்க நிற்பதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது. ஆனால் நிற்கும்போது வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவ்விடத்துக் குரங்குகளுக்கு அதில் பாத்தியதை உண்டு. நண்பர் ஒருவரின் பையை அவை சோதனையிட்ட ஒழுங்கைக் கண்டு வியந்தேன்.

ஏற்றம் முடிந்ததும் நிலம் சட்டென்று சமமாகிவிடும். முதன்முறை செல்வோர் இதைக் கண்டு திகைப்பர். நீலகிரியில் ஏறினால் மலைமேல் மலையாகப் போய்க்கொண்டே இருக்கும், இங்கே அப்படியில்லை. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரவி உறைந்து உண்டான நிலம் தக்காணம். ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம், தோசையை அடுக்கினாற்போல். ஆறுகள் அதை அறுத்துப் பள்ளத்தாக்காக்கின. அறுபடாத பகுதி மேசையாக நின்றது. பஞ்ச்கணியில் செம்பாறை மூடிய மேசைநிலத்தைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். நிலநூல் மாணவர்க்கு மட்டுமன்றிச் சைக்கிள்காரர்க்கும் இச்செய்தி பயன்படும்: ஏற்றம் அனைத்தும் ஓரிடத்தில், இறக்கம் அனைத்தும் ஓரிடத்தில். இடையில் நடுத்தரமான மேடுபள்ளம். ஆகையால் பசர்ணியின் தலைக்கு வந்துவிட்டால் கடினமான ஏற்றம் முடிந்தது என்று நம்பலாம். ஆனால் வலிமை முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட வேண்டா. மேட்டின் மீதுள்ள 19½ கிலோ மீட்டரும் நேர்கோடு அல்ல.

இப்பகுதியில் வடபுறம் கிருஷ்ணாவின் பள்ளத்தாக்கு தெரியும். மகாபலேசுவரம் நெருங்க நெருங்கத் தென்புறம் வேண்ணாவின் பள்ளத்தாக்கு தொடங்கும். சாலையோரத்தில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்கள். ஊருக்கு வெளியே வேண்ணாவின் பெயரையே தாங்கிய ஏரி. அங்கே படகோட்டிக் குதிரையேறப் பலர் கூடுவர். நமக்கு வேண்டியது ஒரு கோப்பைத் தேநீரும் அரை மணி ஓய்வும்.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏற்றத்தில் களைப்புத்தான் வரும்; இறக்கத்தில் விபத்து வரும். கேளகர் வழியில் ஏறக்குறைய 600 மீட்டர் இறங்குகிறோம். 80 கிலோ எடை அவ்வளவு இறங்கும்போது 470 கிலோ ஜூல் ஆற்றல் எங்கேனும் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மணிக்கு 35 கிலோ மீட்டர் வேகத்தில் செல்வோர்க்கு அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. 15 கிலோ மீட்டரில் அஞ்சி அஞ்சிச் செல்வோர்க்குக் காற்று ஏறக்குறைய ஒன்றும் வாங்குவதில்லை. எல்லாம் பிரேக்குக் கட்டையிலும் சக்கர வளையத்திலும் சூடாக இறங்குகிறது. பாதுகாப்பென எண்ணிப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவோரின் வளையந்தான் தொட்டால் கையைச் சுடும். கட்டை வழுக்கும், டியூப் வெடிப்பதும் உண்டு.

ஆகவே முறை இதுதான். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நேர்ச்சாலையில், தரை நன்றாயிருந்தால், வண்டியைச் சற்று ஓடவிடலாம். தரை கெட்டிருந்தால் ஓடவிடவும் கூடாது, பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. சூட்டைத் தணிக்க இரண்டு மூன்று கிலோ மீட்டருக்கு ஒரு தடவை நின்றுவிட வேண்டியதுதான். ஒருவர்க்கும் மற்றவர்க்கும் இடையே 30 மீட்டர் இருக்கட்டும். இதிலே போட்டி கிடையாது. முதலில் இறங்கியவர்க்குக் கைதட்டல் இல்லை என்பதை இப்பொழுதே அறிவித்துவிடுகிறேன். புறப்படும் முன் எல்லா வண்டிகளின் பிரேக்குக் கட்டைகளையும் கம்பிகளையும் சங்கத்தார் இருவர் சோதிப்பர். தேறாத வண்டி டெம்போவில் ஏறும். இதில் மட்டும் முகதாட்சணியம் பார்க்க இயலாது.

பெயர்தான் மேடா, ஊர் இருப்பதோ பள்ளத்தாக்கில். வேண்ணா அங்கே சிறிய, அமைதியான ஆறு. பகலுணவு அவ்விடத்தில்தான். அதன்பின் சாத்தாரா வரை கண்ஹேர் அணையின் நீர்ப்பரப்பும் வயல்களும் மாறி மாறி வரும். மொத்தத்தில் இறக்கமேயாயினும் குட்டி மேடுகள் உண்டு, உண்ட களைப்பில் அவை பெரிதாகத் தெரியும்.

இப்பொழுது நேரக் கணக்கு. இங்கேதான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஜனவரியில் அப்பகுதியில் சூரியன் எழுவது ஏழு மணி வாக்கில். மறைவது ஆறேகால் வாக்கில். வாயியில் காலை 6½ மணிக்கு விளக்குடன் புறப்படுகிறோம். இடையிடையே நின்று ஏறினாலும் 8½ மணிக்குப் பஞ்ச்கணி. முக்கால் மணி நேரம் சிற்றுண்டி. 11 மணிக்கு மகாபலேசுவரம். 11½ மணிக்கு இறக்கம். 1¼ மணிக்கு மேடா. ஒரு மணி நேரம் உணவும் ஓய்வும். 3¾ மணிக்குச் சாத்தாரா. தேநீர் குடித்து 4 மணிக்குப் புறப்பட்டால் 6 மணிக்கு வாயி. இருட்டுவதற்கு முன் நம் கையில் மிச்சம் கால் மணி நேரம். ஒரு பஞ்சர் ஒட்டுவதற்கு இருபது நிமிடம் ஆகும்.

கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பாருங்கள். 14 பேரில் ஒருவர்க்குக்கூட ஆணி குத்தாது, தசை பிடிக்காது, செயின் கழலாது என்று நம்பித் திட்டமிடுவதும், திட்டமே இல்லாமல் போவதும் ஒன்றுதான். மூன்று பேர் செல்லும்போது கணக்கு வேறு. கூட்டத்தின் வேகம் என்பது அதன் சராசரி வேகமன்று, கடைசியில் வருபவரின் வேகமே. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் சைக்கிளில் செல்ல எவரையும் நான் அழைக்க மாட்டேன்.

எனவே நான் முன்வைப்பது இது. வண்டிகளை ஏற்றி வரும் டெம்போ வாயியில் காத்திராமல் பிற்பகலில் சாத்தாராவுக்கு வந்து நிற்கும். 3½ மணிக்குள் சாத்தாராவைச் சேர்ந்து, உடம்பிலும் வண்டியிலும் குறையில்லாதவர்கள் குறைந்தது நால்வராகச் சேர்ந்து நெடுஞ்சாலையில் வாயி வரை ஓட்டி வட்டத்தை முடிக்கலாம். 3½ மணிக்கு மேல் வருவோர், எவ்வளவு தெம்பாயிருந்தாலும், வண்டியை டெம்போவில் ஏற்றிவிட வேண்டும். தலைவரானாலும் இதே விதி. கட்டுரையாசிரியரானாலும் இதே விதி.

டெம்போவில் ஏறுவோர்க்கு இழப்பு என்று எண்ண வேண்டா. அவர்கள் நேரே சங்கம் மாஹுலிக்குப் போகலாம். சைக்கிளில் வட்டத்தை முடிப்போர்க்கு அதற்கு நேரம் கிடையாது. காலையில் மலையின் இரு பக்கமும் தனித்தனியாகக் கண்ட ஆறுகள் அங்கே பழைய கோயில்களின் நடுவே ஒன்றாகின்றன. சென்ற ஆண்டு நாங்கள் வட்டத்தை முடித்தோம், அதைப் பார்க்கவில்லை. எனவே இம்முறை எனக்கு எந்தப் பக்கம் ஆசை என்பதை வெளியே சொல்லாமலிருப்பதே நடுநிலைக்கு அழகு.

பயிற்சிக்கு நமக்கு அருகிலேயே சிங்ககட் இருக்கிறது. காலையில் கடக்வாஸ்லா ஏரிக்கரை வழியே சென்று கோட்டைச் சாலையில் ஏறித் திரும்பலாம். பசர்ணியைவிடத் தொலைவு குறைவு, செங்குத்து அதிகம். டிசம்பர் முடிவதற்குள் அதை இரண்டு முறை நிற்காமல் ஏறியவர்க்குப் பசர்ணியில் வியப்பொன்றும் காத்திராது. முதல் மாதம் வாரம் இரு நாள் சமதரையில் 30 கிலோ மீட்டர், பிறகு கோட்டை. மணிக்கு அரை லிட்டர் நீர் என்ற பழக்கத்தையும் அப்போதே கைக்கொள்ள வேண்டும். தாகம் எடுத்தபின் குடிப்பது காலங்கடந்து குடிப்பது. கடலை உருண்டையும் சிறிது உப்பும் பையில் இருக்கட்டும். இங்கே காலையில் கிடைக்கும் அவல் உப்புமாவைக் குறை சொல்வோர் நம்மில் பலர். மலையேற அதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியவில்லை.

வாயியில் முந்தின மாலை ஓய்வாயிருப்போர்க்கு ஒரு செய்தி. கிருஷ்ணாவின் படித்துறையும், ஆற்றங்கரையில் பேருருவாக அமர்ந்திருக்கும் டோல்யா கணபதியும் எல்லாரும் காண்பவை. மராட்டியக் கலைக்களஞ்சியமான விசுவகோசம் உருவானதும் இந்தச் சிற்றூரில்தான் என்பதைப் பலர் அறியார். லட்சுமண சாஸ்திரி ஜோஷி அதன் தலைமைப் பதிப்பாசிரியராய் இருந்து இவ்வூரிலேயே அப்பணியை நடத்தினார். பெரியசாமித் தூரனைத் தலைமையாகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் கண்ட நமக்கு, அந்த வீதியில் ஒரு முறை நடந்து வரத் தோன்றுமல்லவா? ஆனால் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும்.

வாடகை வண்டிக்குச் சொல்லிவைக்க மூன்று வாரமேனும் வேண்டும். ஆகையால் அந்த ஐவரும் தங்கள் உயரத்தைச் செயலாளரிடம் இவ்வாரமே குறித்துக்கொடுக்க வேண்டுகிறேன். இனிப்பைப் பற்றிய தீர்மானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது.